வெண்ணெய் திருடிய சிறுமி

திரையில் ஒரு சிறுமி தோன்றுகிறாள். அவளுக்கு வயது ஏழு. அவள் பேசவில்லை. பேசினாலும் யாருக்கும் கேட்காது. ஏனென்றால் அது ஊமைப் படம்.

ஆனால், அவள் முகம் பேசுகிறது! ஒரு கணம் சிரிக்கிறாள். மறுகணம் முகத்தைச் சுளிக்கிறாள். கோபம் வருகிறது. வியப்பு வருகிறது. அழுகை வருகிறது. ஒவ்வொன்றும் மழைக் கால மேகம் போல அவள் முகத்தில் வந்து போகிறது. பிறகு அந்தச் சிறுமி மறைந்து போகிறாள். அதே இடத்தில் கண்ணன் வேடத்தில் ஒரு குழந்தை நிற்கிறது.

"கண்ணனாக நடிப்பது ஒரு பெண் குழந்தை. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று படம் எடுத்தவர் சொல்லாமல் சொல்கிறார். அதன் பிறகே கதை தொடங்குகிறது.

படத்தின் பெயர் "காளிய மர்த்தனம்". வெளிவந்த ஆண்டு 1919. எடுத்தவர் தாதா சாகேப் பால்கே. கண்ணனாக நடித்தவள் அவருடைய மகள் மந்தாகினி.

நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் படத்தை இன்று பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வியும் வருகிறது. அந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி.

பெண் வேடத்தில் ஆண்

பால்கே நாசிக் பக்கத்தில் உள்ள திரியம்பகத்தில் 1870-ம் ஆண்டு பிறந்தவர். இந்தியாவின் முதல் முழு நீளக் கதைப் படமான "ராஜா அரிச்சந்திரா"வை 1913-ம் ஆண்டு வெளியிட்டவர். அந்தப் படத்துக்காக அவர் மனைவி சரசுவதி பாய் தம் நகைகளையே கொடுத்தார். படம் பிடிக்கும் கூட்டத்துக்குச் சமைத்துப் போட்டார். பிலிம் வேலைகளையும் கற்றுக்கொண்டு செய்தார்.

அரிச்சந்திரன் கதை என்றால் சந்திரமதி வேண்டும் அல்லவா? நடிக்க ஒரு பெண்ணும் முன்வரவில்லை. சினிமாவில் முகம் காட்டுவது மானக்கேடு என்று எல்லோரும் நினைத்த காலம் அது. கடைசியில், சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த சாளுங்கே என்ற வாலிபருக்குச் சேலை கட்டிவிட்டார் பால்கே. அவர்தான் மகாராணி!

பின்னர் 1917-ம் ஆண்டு "லங்கா தகனம்" வந்தது. அதில் ராமரும் அந்தச் சாளுங்கேதான். சீதையும் அவரேதான்! ஜனங்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். கும்பிட்டார்கள்.

அப்படி இருந்த காலத்தில், பெண் வேடத்துக்கு ஆணைத் தேடிய அதே பால்கே, ஆண் வேடத்துக்குத் தம் மகளைத் தேர்ந்தெடுத்தார். ஊரில் பையன்களுக்குப் பஞ்சமா? இல்லை. கண்ணனுக்கு வேண்டிய குறும்பும், ஓட்டமும், கண்ணில் மின்னும் சிரிப்பும் அந்தப் பெண்ணிடம் இருந்தன. தகப்பனார் அதைக் கண்டுகொண்டார். மறைக்காமல் முதல் காட்சியிலேயே உலகத்துக்குக் காட்டினார்.

என்ன குறும்பு!

கண்ணனும் அவன் கூட்டமும் விளையாடுகிறார்கள். அவர்களோடு விளையாடும் ஒரு சிறுமி மேல் ஊர்ப் பெண் ஒருத்தி தண்ணீரைக் கொட்டிவிடுகிறாள். சிறுமி நனைந்து நிற்கிறாள். கண்ணன் சும்மா இருப்பானா? கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் புகுகிறான். வெண்ணெய் காலி! பழிக்குப் பழி.

குறும்பு அதோடு நிற்கவில்லை. பணக்காரர் வீட்டையும் விடுவதில்லை. பெரிய மனிதர்கள் கோபத்தோடு ஓடி வருகிறார்கள். குழந்தை ஒன்றும் தெரியாதது போல முகத்தை வைத்துக்கொள்கிறது. கொட்டகையில் இருந்த குழந்தைகள் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

கடைசியில் யமுனை வருகிறது. ஆற்றில் காளியன் என்ற நச்சுப் பாம்பு. ஊரே நடுங்குகிறது. வெண்ணெய் திருடிய அதே குழந்தை மரத்தில் ஏறி ஆற்றில் குதிக்கிறது. கரையில் தாய் கதறுகிறாள். ஊர் அலறுகிறது. தண்ணீருக்குள் சண்டை நடக்கிறது. கடைசியில் பாம்பின் தலைமேல் நின்றபடி கண்ணன் எழுகிறான்!

இந்தக் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெண்ணெய் திருடத் துணிந்த கால்கள்தான் ஆற்றில் குதிக்கவும் துணிந்தன. தோழிக்காகச் சண்டைக்குப் போன மனம்தான் ஊருக்காகப் பாம்போடும் சண்டைக்குப் போயிற்று. துடுக்கும் துணிவும் ஒரே கொடியில் காய்த்த காய்கள். ஒன்றை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மற்றதை மட்டும் பறித்துக்கொள்ள முடியாது.

கண்ணன் செய்தால் லீலை

கண்ணன் குறும்பு காவிரிக் கரைக்குப் புதியது அல்ல. மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோவிலில் பங்குனித் திருவிழாவின்போது வெண்ணெய்த்தாழி உற்சவம் நடக்கிறது. பெருமாள் வெண்ணெய்க் குடத்தோடு தவழும் குழந்தையாகப் பல்லக்கில் வருகிறார். ஜனங்கள் அவர் மீது வெண்ணெயை வீசி மகிழ்கிறார்கள். திருடனுக்குத் தண்டனை இல்லை. மேலும் வெண்ணெய் கிடைக்கிறது!

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள தேரழுந்தூர் கம்பர் பிறந்த ஊர். அங்கே பெருமாள் ஆமருவியப்பன். பசுக்களோடு நிற்கும் ஆயர் குலத்துப் பிள்ளை. தஞ்சாவூர் ஓவியங்களைப் பாருங்கள். கன்னம் உப்பிய கண்ணன், கையில் வெண்ணெயோடு எத்தனை வீடுகளின் பூஜை அறையில் சிரித்துக்கொண்டிருக்கிறான்!

கோகுலாஷ்டமி வந்தால் பெண் குழந்தைக்கும் கண்ணன் வேடம் போடுகிறார்கள். கொண்டையில் மயில் இறகு. கையில் புல்லாங்குழல். "ஓடு கண்ணா, ஆடு கண்ணா" என்று பாட்டி கொஞ்சுகிறாள். தாத்தா போட்டோ எடுக்கச் சொல்கிறார்.

மறுநாள் காலையில் வேடம் கலைந்துவிடுகிறது. அதே பெண் குழந்தை திண்ணையில் இருந்து குதிக்கிறது. உரக்கச் சிரிக்கிறது.

"ஏண்டி, பெண் பிள்ளையாய் லட்சணமாக உட்காரக் கூடாதா?"

நேற்று கொஞ்சிய அதே பாட்டியின் குரல்தான்!

"பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு" என்று ஒரு பழமொழி உண்டு. புகையிலையை விரித்து வைத்தால் காரம் போய்விடுமாம். பெண் சிரித்தால் என்ன போய்விடும்? அதை மட்டும் பழமொழி சொல்லவில்லை. இது பழமொழி அல்ல, பூட்டு.

கண்ணன் செய்தால் லீலை. பையன் செய்தால் சுட்டித்தனம். பெண் செய்தால் அடங்காப்பிடாரித்தனம். ஒரே செயலுக்கு ஏன் மூன்று பெயர்? இதுதான் அந்த ஊமைப் படம் கேட்காமல் கேட்கும் கேள்வி.

இந்தக் கேள்வியைத் தமிழில் ஒரு பெரியவர் ஏற்கெனவே தொட்டுவிட்டார். மகாகவி பாரதியாரின் "கண்ணன் பாட்டு" 1917-ம் ஆண்டு புத்தகமாக வந்தது. அதில் கண்ணன் தோழனாக வருகிறான். சேவகனாக வருகிறான். கண்ணம்மா என்ற பெண் குழந்தையாகவும் வருகிறான்! பால்கே படம் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, தெய்வக் குழந்தை ஏன் பெண்ணாக இருக்கக் கூடாது என்று ஒரு தமிழ்க் கவிஞர் நினைத்துவிட்டார்.

மாயூரம் தந்த ராஜா

"ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்பார்கள். அம்பிகை மயில் உருவில் இறைவனை வழிபட்ட தலம் என்று தல புராணம் சொல்லும் ஊர். மாயவரம், மாயூரம் என்றெல்லாம் பெயர் வழங்கி, 1982-ம் ஆண்டு மயிலாடுதுறை ஆயிற்று. 2020-ம் ஆண்டு டிசம்பரில் தனி மாவட்டமும் ஆயிற்று.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. தமிழின் முதல் நாவலை எழுதியவர் இங்கே நீதிபதியாக இருந்தவர். அவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-ம் ஆண்டு திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்து, மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றி, ஊரின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். நகராட்சித் தலைவராகவும் இருந்தவர்.

அவர் எழுதிய "பிரதாப முதலியார் சரித்திரம்" 1879-ம் ஆண்டு வெளிவந்தது. இந்தியாவில் சினிமாக் காட்சி எட்டிப் பார்க்காத காலம். அந்தக் கதையின் கதாநாயகி ஞானாம்பாள். சிறு வயதில் பிரதாபனோடு சேர்ந்து படிக்கிறாள். படிப்பில் அவனை முந்திக்கொள்கிறாள். பிறகு அவனுக்கே மனைவி ஆகிறாள்.

ஒரு சமயம் கணவன் வேற்று நாட்டில் அகப்பட்டுச் சிறைக்குப் போய்விடுகிறான். ஞானாம்பாள் என்ன செய்தாள்? மூலையில் உட்கார்ந்து அழுதாளா? இல்லை! ஆண் வேடம் போட்டுக்கொண்டு தேடப் புறப்பட்டுவிட்டாள். அந்த நாட்டுக்கு ராஜா இல்லை. பட்டத்து யானை யார் கழுத்தில் மாலை போடுகிறதோ, அவரே ராஜா. யானை வந்து மாலையைப் போட்ட இடம் ஞானாம்பாள் கழுத்து!

அவள் சிம்மாசனம் ஏறினாள். நீதி வழங்கினாள். கணவனைச் சிறை மீட்டாள். வேலை முடிந்ததும் ராஜ்யத்தைப் பழைய அரசனின் மகளிடமே ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினாள். வாசகர்கள் சிரித்துக்கொண்டே படிக்கும் கதை இது. ஆனால், சிரிப்பு ஞானாம்பாளைப் பார்த்து அல்ல. ஒரு பெண்ணை அடையாளம் தெரியாமல் ராஜா என்று கும்பிட்டு நின்ற உலகத்தைப் பார்த்து!

"பெண்மதி மாலை" என்ற நூலையும் வேதநாயகம் பிள்ளை எழுதினார். பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்று விடாமல் எழுதி வந்தார். கோர்ட்டில் தினமும் வழக்குக் கேட்டவர் அவர். எழுத்தறிவு இல்லாத பெண் படும் பாடு அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆகவே, துடுக்கான பெண் மேல்நாட்டுச் சரக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். சினிமா பிறக்கும் முன்பே அவள் மாயூரத்தில் பிறந்துவிட்டாள்.

மேல்நாட்டில் என்ன நடந்தது?

பால்கே படம் வருவதற்கு ஓர் ஆண்டு முன்னதாக, 1918-ம் ஆண்டு, ஜெர்மனியில் ஓர் ஊமைப் படம் வந்தது. "நான் ஆணாக இருக்க விரும்பவில்லை" என்பது அதன் பெயரின் பொருள். இயக்கியவர் எர்ன்ஸ்ட் லூபிச். துடுக்குப் பெண்ணாக நடித்தவர் ஆசி ஆஸ்வால்டா.

கதை வேடிக்கையானது. ஒரு பெண் சீட்டு ஆடுகிறாள். புகை பிடிக்கிறாள். "பெண்ணாய் அடங்கி இரு" என்று எல்லோரும் அதட்டுகிறார்கள். வெறுத்துப்போய் ஆண் உடை தைத்துப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புகிறாள். கழுத்துப் பட்டை கட்டத் தெரியவில்லை. வண்டியில் இடிபடுகிறாள். பெண்களுக்கு எழுந்து இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆணாக இருப்பதும் அப்படி ஒன்றும் சொர்க்கம் அல்ல என்று தெரிந்துகொள்கிறாள்.

இதைப் பார்த்துவிட்டு, "பார்த்தாயா, பெண் பெண்ணாகவே இருக்க வேண்டும்" என்று சிலர் சொல்லக் கூடும். ஆனால், அவள் கேட்டது மீசை அல்ல. வெளியே போய் வரும் உரிமை. அது பெண் உடையிலேயே கிடைத்திருந்தால் அவள் ஆண் உடைக்கு ஏன் போகிறாள்?

அதே 1918-ம் ஆண்டு அமெரிக்காவில் "மிக்கி" என்ற படம் வந்தது. மேபல் நார்மண்ட் என்ற சிரிப்பு நடிகை அதில் நடித்தார். சுரங்கப் பகுதியில் ஓடி ஆடி வளர்ந்த ஒரு பெண், நகரத்தில் உள்ள பணக்கார அத்தை வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அவளிடம் சொத்து இல்லை என்று தெரிந்ததும் அவளை வேலைக்காரி ஆக்குகிறார்கள். கடைசியில் அவள் குதிரைப் பந்தயத்தில் குதிரை ஓட்டுகிறாள்! அமெரிக்காவில் அந்தப் படத்துக்குப் பெரும் கூட்டம்.

பம்பாயும் சும்மா இருக்கவில்லை. 1927-ம் ஆண்டு "பம்பாயின் காட்டுப் பூனை" என்று பொருள்படும் பெயரில் ஓர் ஊமைப் படம் வந்தது. கதாநாயகி சுலோசனா. அவருடைய இயற்பெயர் ரூபி மயர்ஸ். டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு நடிக்க வந்தவர். அந்த ஒரே படத்தில் அவர் எட்டு வேடம் போட்டார். போலீஸ்காரர் வேடமும் அதில் ஒன்று! பெண் வேடத்துக்கு ஆணைத் தேடிய காலம் போய், ஒரே பெண் ஆண் வேடமும் பெண் வேடமும் போடும் காலம் வந்துவிட்டது. நடுவில் கடந்தவை 14 ஆண்டுகள்தான். 1973-ம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது சுலோசனாவுக்குக் கிடைத்தது.

திருவையாற்றுப் பெண்

இவை எல்லாம் படக் கதைகள். வாழ்க்கையில் அப்படி ஒரு பெண் உண்டா? உண்டு. காவிரிக் கரையிலேயே உண்டு.

திருவையாற்றில் 1911-ம் ஆண்டு பிறந்தவர் டி.பி.ராஜலட்சுமி. பால்ய விவாகம் செய்து வைத்தார்கள். அந்த வாழ்வு நிலைக்கவில்லை. தகப்பனாரும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு ஊர் ஒதுக்கி வைத்த இடம் எது? வீட்டின் இருட்டு மூலை.

ராஜலட்சுமி அந்த மூலைக்குப் போகவில்லை. நாடக மேடைக்குப் போனார். சிறு வயதிலேயே பாடினார், ஆடினார், வசனம் பேசினார். 1929-ம் ஆண்டு "கோவலன்" என்ற ஊமைப் படத்தில் நடித்தார். 1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி, தமிழ் பேசிய முதல் படமான "காளிதாஸ்" வெளிவந்தது. அதன் கதாநாயகி அவர்தான். தமிழ்த் திரை முதன் முதலாகக் குரல் கொடுத்தபோது, அது ஒரு தஞ்சை மண் பெண்ணின் குரலாக இருந்தது!

அதோடு அவர் நிற்கவில்லை. தாமே கதை எழுதி, தாமே தயாரித்து, தாமே இயக்கி, 1936-ம் ஆண்டு "மிஸ் கமலா" படத்தை வெளியிட்டார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவரே. அந்தக் கமலாவின் பெயரையே தம் மகளுக்கும் வைத்தார். 1964-ம் ஆண்டு காலமானார்.

யாரோ ஒருவர் அந்தச் சிறுமியை, "வாயை மூடு, மூலையில் உட்கார்" என்று அடக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தமிழ் சினிமாவுக்கு ஒரு ராணி இல்லை. எத்தனை ஊர்களில், எத்தனை ராஜலட்சுமிகள் அப்படி அடங்கிப் போனார்களோ!

"அடக்கம் வேண்டாமா?"

நியாயமான கேள்விதான். அடக்கம் வேண்டும். ஆனால், அது யாருக்கு வேண்டும்? பெண்ணுக்கு மட்டுமா? பிறர் பொருளை எடுக்காத அடக்கம் பையனுக்கும் வேண்டும். பெரியவரைப் பழிக்காத அடக்கம் இருவருக்கும் வேண்டும்.

இந்த விஷயத்தில் யசோதையைப் பின்பற்றலாம். அவள் கண்ணனைக் கண்டிக்காமல் விட்டாளா? இல்லை. உரலோடு கட்டிப் போட்டாள்! எதற்காக? வெண்ணெய் திருடி, பானையை உடைத்ததற்காக. உரக்கச் சிரித்ததற்காக அல்ல. ஓடியதற்காக அல்ல. கேள்வி கேட்டதற்காக அல்ல. தப்பைத் தண்டித்தாள். சுபாவத்தைத் தண்டிக்கவில்லை.

பெண்ணைப் பெற்றவர்களும் இதையே செய்யலாம். பொய் சொன்னால் கண்டியுங்கள். பிறரை அடித்தால் கண்டியுங்கள். மரம் ஏறியதற்கும், பந்து அடித்ததற்கும், பல் தெரியச் சிரித்ததற்கும் ஏன் கண்டிக்க வேண்டும்?

"காலம் கெட்டுக் கிடக்கிறதே, பயமாக இருக்கிறதே" என்று ஒரு தாய் சொன்னால், அதையும் தள்ளிவிட முடியாது. அந்தப் பயம் உண்மையானது. ஆனால், பயத்துக்குக் காரணம் பெண்ணின் சிரிப்பா, தெருவில் நின்று கேலி செய்பவனின் நாக்கா? பூட்ட வேண்டியது எதை? தம் வீட்டுப் பையனுக்கு மரியாதை கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு தாயும் நாலு வீட்டுப் பெண்களுக்குக் காவல் போடுகிறாள்.

ஊர் சிரிக்குமே என்பது இன்னொரு பயம். புதுக்கோட்டை மாவட்டத்தைப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்துச் சொல்லிக் கொடுத்தது. எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தது! கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். முதலில் ஊர் சிரித்தது. கேலி பேசியது. பெண்கள் இறங்கவில்லை. கொஞ்ச நாளில் ஊர் சிரிப்பதை நிறுத்திவிட்டது. தண்ணீர்க் குடத்தையும், பிள்ளையையும் வைத்துக்கொண்டு அவர்கள் சைக்கிளில் போவது சாதாரணக் காட்சி ஆகிவிட்டது. இன்று அரசாங்கப் பள்ளி மாணவிகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது. ஊர் சிரிப்புக்கு ஆயுசு அவ்வளவுதான்.

தொலைந்த படங்கள்

இன்னொரு வருத்தமான செய்தியையும் சொல்ல வேண்டும். நடராஜ முதலியார் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த "கீசக வதம்", தமிழ்நாட்டின் முதல் ஊமைக் கதைப் படம். அது இன்று இல்லை. "பம்பாயின் காட்டுப் பூனை" இல்லை. "காளிதாஸ்" இல்லை. "மிஸ் கமலா"வும் இல்லை. இந்தியாவில் ஆயிரத்துக்கு மேல் ஊமைப் படங்கள் எடுத்தார்கள். மிஞ்சியவை மிகச் சொற்பம். தென்னிந்திய ஊமைப் படங்களில் தப்பிப் பிழைத்தது "மார்த்தாண்ட வர்மா" என்ற ஒரு படம்.

காரணம் என்ன? பழைய பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும். சூட்டிலும் ஈரத்திலும் கெட்டுப் போகும். பேசும் படம் வந்ததும் ஊமைப் படத்தை யாரும் மதிக்கவில்லை. மூலையில் போட்டார்கள். அது மக்கிப் போயிற்று. யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. கவனிக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

பெண் குழந்தையின் துடுக்கும் அப்படித்தான் தொலைகிறது. ஒரே நாளில் யாரும் பறிப்பதில்லை. "குதிக்காதே", "சிரிக்காதே", "உனக்கு எதற்கு" என்று தினம் ஒரு சொல். பத்து வயதில் துள்ளிய பெண் பதினைந்து வயதில் வாய் திறப்பதில்லை. "எங்கள் பெண் ரொம்ப அடக்கம்" என்று பெற்றவர்கள் பெருமைப்படுகிறார்கள். அவள் தனக்கு ஓர் ஆபத்து வந்தபோதும் வாய் திறக்கவில்லை என்றால், அந்த அடக்கத்தால் என்ன பயன்?

இதைச் சட்டமும் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தது. பெண்ணின் கல்யாண வயது குறைந்தது 14 என்று 1929-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1978-ம் ஆண்டு அது 18 ஆயிற்று. ஆனால், "எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், படிக்க வேண்டும்" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு வாய் வேண்டும். சட்டம் வயதைக் கொடுக்கும். வாயைக் கொடுக்காது. அதை வீடுதான் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

"காளிய மர்த்தனம்" அதிர்ஷ்டவசமாகப் பிழைத்திருக்கிறது. சுமார் முக்கால் மணி நேரம் ஓடும் அளவுக்கு அது கிடைத்திருக்கிறது. இணையத்தில் பார்க்கலாம். குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பாஷை தெரிய வேண்டியது இல்லை. அந்தக் காலத்தில் டெண்டுக் கொட்டகைகளில் ஒருவர் நின்றுகொண்டு கதை சொல்வார். எழுத்து வரும்போது உரக்கப் படித்துக் காட்டுவார். திருச்சியில் ரெயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ம் ஆண்டு தொடங்கி ஊர் ஊராகப் படம் காட்டியது அப்படிப்பட்ட டெண்டுகளில்தான். இன்று அந்தக் கதை சொல்லும் வேலையை வீட்டுப் பாட்டியே செய்யலாம். கண்ணன் கதை அவளுக்குத் தெரியாததா?

படம் முடிந்ததும் குழந்தைகளிடம், "அந்தக் கண்ணன் ஒரு பெண் குழந்தை" என்று சொல்லுங்கள். வீட்டுப் பெண்ணின் முகத்தில் வரும் சிரிப்பைப் பாருங்கள். வீட்டுப் பையனும் அதைக் கேட்கட்டும்.

இன்னொன்றும் செய்யலாம். அதுவே முக்கியமானது. மந்தாகினி ஆற்றில் குதித்தது படத்துக்காக. காவிரிக் கரைப் பெண்ணுக்கு ஆறு படத்தில் இல்லை. வாசலில் இருக்கிறது! மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதன் பிறகு காவிரியிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் ஓடும். குளிக்கப் போனவர், துணி துவைக்கப் போனவர், தவறி விழுந்த தம்பியைத் தூக்கப் போனவர் என்று எத்தனை துயரச் செய்திகள்! பையன் எப்படியோ நீந்தக் கற்றுக்கொள்கிறான். பெண்ணுக்கு மட்டும், "உனக்கு எதற்கு நீச்சல்?" என்கிறார்கள். ஆறு ஆண், பெண் பார்த்தா இழுக்கிறது?

தகப்பனோ, தாய் மாமனோ, நீந்தத் தெரிந்த அத்தையோ, பெரியவர் ஒருவர் கூடவே இருந்து, ஆழம் இல்லாத இடத்தில் பெண் குழந்தைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கட்டும். சைக்கிள் கற்றுக்கொடுக்கட்டும். வாரம் ஒரு நாள் வீட்டார் நடுவே அவள் பத்திரிகையை உரக்கப் படிக்கட்டும். தப்பு வந்தால் திருத்துங்கள். குரல் உயர்ந்தால் அடக்காதீர்கள்.

அம்பிகை மயிலாகி ஆடிய துறை என்று பெயர் வைத்துக்கொண்ட ஊர் இது. ஆடிய மயிலைக் கும்பிட்டுவிட்டு, ஆடும் பெண்ணை அதட்டலாமா? கண்ணன் தலையில் வைத்த மயில் இறகை, அஷ்டமி முடிந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். அந்தப் பெண்ணின் சிரிப்பை அதோடு சேர்த்துப் பூட்டிவிடாதீர்கள்.